பலகைக்கு முட்டைக் கட்டு

"கடக்."

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. நான் வாசலில் குனிந்து, கோலத்தின் கடைசி வரிசைப் புள்ளிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் தலைக்கு மேலே எங்கிருந்தோ வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மகள் தாரணியின் சின்னக் கார் வாசலோரம் நின்றது. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றார் என் வீட்டுக்காரர். கையில் லாரியின் ஜாக்கி லீவர். அது கயிற்றுக்குள் நுழைந்து, முறுக்கு ஏறி, விறைப்பாக நின்றது. கயிற்றுக்குக் கீழே மகளின் அலைச்சறுக்குப் பலகை.

"ஏனுங்க, என்ன சத்தம்?"

அவர் லீவரை மெதுவாகத் திருப்பித் தளர்த்தினார். கயிறு விலகிய இடத்தில் பலகையின் விளிம்பு உள்ளே அமுங்கி, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. விரிசலுக்குள் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் தெரிந்தது.

"சரசு, ஒடைஞ்சு போச்சு புள்ள" என்றார். நாற்பது வருடம் லாரி ஓட்டிய மனுசன். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஊரும் பலகையும்

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீடு தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ராசிபுரத்துக்குச் சற்று இந்தப் பக்கம், சேலம் போகும் சாலையை ஒட்டி வீடு. முன்னால் என் ஃபைபர் ஷெட். பின்னால் கிணறு. நடுவில் லாரி நிற்கும் இடம். ஷெட் என்னுடையது, லாரி அவருடையது. ஒருவர் தொழிலில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை. எங்கள் கல்யாணம் இவ்வளவு காலம் பஞ்சர் ஆகாமல் ஓடியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தாரணி எங்களுக்கு ஒரே பெண். சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறாள். போட்டிகளுக்கும் போவாள். போன வருடம் தோள்பட்டை இறங்கி, வருடம் முழுவதும் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் மேற்குக் கடற்கரையில் தேசியப் போட்டி. ஆத்தூர் வழியாகக் காரை ஓட்டி வந்து, இடையில் இரண்டு நாள் எங்களோடு தங்கிவிட்டுப் போவதாகத் திட்டம். அவளிடம் இருப்பது இந்த ஒரே பலகை. அவள் உடம்புக்கும் எடைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்யச் சொல்லி வாங்கியது. வேறு பலகையில் ஏறினால் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது மாதிரி என்பாள்.

சேலம் ஜில்லாவில் கடல் கிடையாது. அதனால் சொந்தக்காரர்களுக்கு அவள் என்ன வேலை செய்கிறாள் என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும்.

"ஊட்டுல லாரி ஓடுது, ஷெட்டு ஓடுது. புள்ள எதுக்குப் போயித் தண்ணி மேல நிக்கோணும்?" என்று என் நாத்தனார் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டாள்.

"நிக்கத் தெரிஞ்சிருக்குது, நிக்கிறா. உனக்குத் தரையிலயே நிக்க முடியாம முட்டி வலிக்குதுன்னியே, அத முதல்ல பாரு" என்றேன். அதற்கப்புறம் அவள் பக்கத்து இலைக்காரியிடம் பாயசம் எப்போது வரும் என்று விசாரிக்கப் போய்விட்டாள்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒரு நாத்தனார் இருந்தார். என் வீட்டுக்காரர்தான்.

தொடாத கை

அவர் எதிர்த்துப் பேசியதில்லை. பேசியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். மகள் போன் செய்தால், "சாப்ட்டியா சாமி?" என்பார், போனை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார். அவள் அனுப்பும் வீடியோக்களை நான் காட்டினால், "கண்ணாடி இல்ல, அப்பறம் பாக்கறேன்" என்பார். கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருக்கும்.

இத்தனைக்கும் அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். எங்கள் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டு, படியில் நின்றுகொண்டு "காலை ஒதை, காலை ஒதை" என்று கத்துவார். அவள் குடுக்கையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தனியாக நீந்திய அன்று, சாலையில் போன ஐஸ் வண்டியை நிறுத்தி, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார். கிணறு வரை சரி. கடலென்றால் பயம். அந்தப் பயத்தைக் கோபம் மாதிரி வேடம் போட்டு வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது.

அவள் பலகையோடு வீட்டுக்கு வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போவாரே தவிர, ஒரு விரல் வைத்ததில்லை.

இந்தத் தடவை அவள் வந்த அன்று சாயங்காலம்தான் ஓர் அதிசயம் நடந்தது. கார் மேல் பலகையைப் பிடித்திருந்த துணி வார்களை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதென்ன சாமி, பாவாடை நாடா கணக்கா ரெண்டு வாரு? இத நம்பியா மலைப்பாதையில எறங்குவ?"

"இதுக்குன்னே செஞ்ச வாருதாங்கப்பா. ஒண்ணும் ஆகாது" என்றாள் தாரணி.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம், தன் லாரிக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இனிமேல் நான் தடுக்கப்போவதில்லை, பத்திரமாகப் போய் வா என்று சொல்வதற்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த பாசம் கயிற்றில்தான் இருந்தது. முதல்முறையாக அந்தப் பலகையைத் தொட்டார். தொட்ட கையோடு உடைத்தும்விட்டார்.

பைப்புக் கட்டு, முட்டைக் கட்டு

லாரிக்காரர்கள் கயிறு கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? சரக்குக்குத் தகுந்த கட்டு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் இருந்து கேரளாவுக்கு முட்டை ஏற்றிப் போவார். முட்டை லோடுக்கு லீவர் போட்டு முறுக்கவே கூடாது. மூலைக்கு மூலை சாக்கை மடித்து வைத்து, கையால் மட்டும் இழுத்து, கயிற்றுக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற மாதிரி விடுவார்கள். அதுதான் முட்டைக் கட்டு.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து மளிகைக் கடையில்தான் உண்டு. கேரளாவில் லோடு இறங்கியதும் அந்தக் கடைக்கு எஸ்.டி.டி. போட்டுக் கூப்பிடுவார். நீளமாகப் பேச மாட்டார். ஒரே வரி.

"சரசு, ஒடையாமச் சேர்ந்துருச்சு."

"செரிங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க" என்பேன் நான். அவ்வளவுதான் எங்கள் காதல் வசனம். இடுப்பில் இருக்கும் தாரணி ரிசீவரைப் பிடுங்கி, அப்பா சொன்னதையே திருப்பிச் சொல்வாள். மலைப்பாதையில் லாரி இறங்கியிருக்குமா, பிரேக் பிடித்திருக்குமா என்ற கவலையெல்லாம் அந்த ஒரு வரியில் அடங்கும்.

பிறகு முட்டையை விட்டு, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்குப் போர்வெல் பைப் ஏற்ற ஆரம்பித்தார். பைப்புக்கு இரக்கமே காட்டக்கூடாது. லீவரைக் கொடுத்து, கயிறு முனகுகிற வரை முறுக்க வேண்டும். வருடக்கணக்காகப் பைப் கட்டிய கை. பலகை மேல் கயிற்றைப் போட்டதும், அது பாட்டுக்குப் பைப்புக் கட்டே போட்டுவிட்டது.

ஈரத்தலையோடு வெளியே வந்த தாரணி பலகையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பரவாயில்லைங்கப்பா" என்றாள். பிறகு கிணற்றுப் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்குவது தெரிந்தது.

அவர் லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு கிரீஸ் அடிக்கிற மாதிரி பாவனை செய்தார். அதற்கு முந்தின வாரம்தான் கிரீஸ் அடித்திருந்தது. காலைப் பலகாரத்துக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. மத்தியானம் உட்கார்ந்தார், சோற்றைப் பிசைந்தார், தட்டை நகர்த்திவிட்டார்.

பஞ்சுமிட்டாய்

நான் ஃபைபர்காரி. லாரித் தலைக்கு மேல் வைக்கிற கூரை, கோழிப்பண்ணைத் தீவனத் தொட்டி, ஊர்த் திருவிழாவுக்கு யானைத் தலை என்று எல்லாம் செய்திருக்கிறேன். கண்ணாடி இழை குத்திக் குத்தி என் முழங்கையில் அரிப்பு குடியிருக்கிறது. ரசத்தை எடுத்து வைத்தால் இழையை ஒட்டுகிற ரெசின் பசை வாசனை அடிக்கிறது என்று இந்த வீட்டில் இரண்டு பேரும் பல வருடம் புலம்பியிருக்கிறார்கள். ஒரு சாண் விரிசல் எனக்கு என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன்.

டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வந்தபோது தாரணி குறுக்கே கை நீட்டினாள்.

"அம்மா, உங்க ரெசின் இதுக்கு ஆகாதுங்கம்மா. உள்ள தெர்மாகோல். பட்டா கரைஞ்சுரும்."

என் ரெசினைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். "உங்கொப்பன் லாரிக்கே இதுதான் தாங்குது, உன் பலகைக்கு ஆகாதா?" என்றேன்.

சொன்னேனே தவிர, உள்ளுக்குள் ஓர் உறுத்தல். நான் தெர்மாகோல் மேல் வேலை செய்ததே இல்லை. ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில் இருந்து ஒரு துண்டை உடைத்து வந்து, அதன் மேல் ஒரு கரண்டி ரெசினை ஊற்றினேன். வாயில் போட்ட பஞ்சுமிட்டாய் மாதிரி அது சுருங்கி உள்ளே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் துண்டின் நடுவில் ஓட்டை. அடியில் பிசுபிசுவென்று ஒரு கரைசல்.

டப்பாவை மூடித் தள்ளி வைத்தேன். அவர் பலகையில் ஒரு விரிசல்தான் போட்டார். என் ரெசின் அதை உள்ளேயிருந்தே தின்றிருக்கும்.

"எப்பாக்ஸின்னு வேற ரெசின் இருக்குதுங்கம்மா. அது தெர்மாகோல ஒண்ணும் பண்ணாது. சென்னையில கிடைக்கும்" என்றாள். சென்னையில் கிடைத்து என்ன செய்வது? அங்கே போய் வாங்கிவந்து, அது காய்ந்து, அவள் கடற்கரை போய்ச் சேர்வதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

அப்போதுதான் கூடத்துச் சுவரில் என் கண் போனது. என் அண்ணன் மகள் எங்களுக்குக் கொடுத்த அவளுடைய கல்யாண மாலை அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

மாலைக்காரி

இப்போது புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கல்யாண மாலையை ஆற்றில் விடாமல், காயவைத்து, கண்ணாடி மாதிரி ஒரு கலவையை ஊற்றி உறைய வைத்து, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் ஜெயந்தி என்ற பெண் வீட்டிலிருந்தே இந்த வேலையைச் செய்கிறாள். அவளுக்கு வட்டமும் இதய வடிவமுமாக அச்சு செய்து கொடுப்பது நான்தான். பூவின் மேல் அவள் ஊற்றுவது என் ரெசின் இல்லை என்பது தெரியும். பேர் மட்டும் கேட்டதில்லை. போன் போட்டேன்.

"எப்பாக்ஸிதான்க்கா. வேற எது ஊத்தினாலும் பூ கருத்துடும். ஏன், நீங்களும் மாலைத் தொழில்ல எறங்கறீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. இது எங்க ஊட்டு மாலை" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "கெளம்பி வாங்கக்கா, எடுத்து வைக்கறேன்" என்றாள்.

சாவியைத் தேடித் திரும்பினால் வீட்டுக்காரர் லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, பைக்கை ஸ்டார்ட் செய்து நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். திரும்பும்போது ஜெயந்தி கொடுத்த இரண்டு எப்பாக்ஸி பாட்டில்களும் என் மடியில் துண்டுக்குள் சுற்றியிருந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஏறக்குறைய நிறுத்தியே ஏற்றினார்.

என் ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரைக் கண்மதிப்பில் ஊற்றுவேன். டீ ஆறுவதற்குள் இறுகிவிடும். எப்பாக்ஸிக்கு அந்த நாட்டாமை செல்லாது. அளவு ஊசிமுனை பிசகினாலும் கடைசி வரை பிசுக்கு போகாதாம். தாரணி அளந்தாள், நான் கலக்கினேன். அமுங்கி நொறுங்கிய மேல்தோலை வெட்டி எடுத்தோம். சுற்றிலும் எமரித் தாள் போட்டுத் தேய்த்தோம். குழியைக் கலவையால் நிரப்பினோம். அதன் மேல் ஜலகண்டாபுரத்துத் துண்டு மாதிரி நெய்த கண்ணாடித் துணி, ஒன்றின் மேல் ஒன்றாக. குமிழ் இல்லாமல் துணியைப் படிய வைப்பது என் வேலை. அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. மகள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நைஸா எங்க கடலோரத்துல யாரும் போட மாட்டாங்கம்மா" என்றாள். நான் குனிந்து துணியைத் தடவினேன். முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

இனி அது தானாக இறுக வேண்டும். ரோட்டுத் தூசி படியாமல் கொசுவலையைக் கட்டி மூடினோம்.

கிணற்றில்

மறுநாள் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. தேய்த்து வழவழப்பாக்கினேன். ஆனால் பார்வைக்கு நன்றாக இருப்பதை வைத்து என்ன செய்வது? ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் தெர்மாகோல் தண்ணீர் குடிக்கும், நடுக்கடலில் பலகை கனத்துவிடும்.

"பஞ்சர் டியூப்பத் தண்ணியில பாக்கற மாதிரி பாத்துரலாம்" என்றார் வீட்டுக்காரர். உடைத்ததிலிருந்து அவர் வாயில் வந்த முதல் முழு வாக்கியம் அது.

வேட்டியோடு கிணற்றில் இறங்கினார். ஒட்டுப் போட்ட விளிம்பைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். மிதக்கப் பிறந்த பொருளை முக்குவது லேசான காரியமில்லை, கழுத்து நரம்பு புடைத்தது. தாரணி கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள். நான் எல்லாக் குலசாமிகளையும் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைத்தேன்.

ஒரு குமிழ் வந்தது.

இன்னொன்று. அப்புறம் கொத்தாக நாலைந்து.

தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். அவர் முகம் இருண்டுவிட்டது. பலகையை இடமும் வலமுமாக நகர்த்தினார். குமிழ்கள் பலகையோடு நகரவில்லை. அவர் இடுப்போடு நின்றன.

நான்தான் முதலில் பார்த்தேன். "ஏனுங்க, வேட்டி! காத்து உங்க வேட்டிக்குள்ள இருந்து வருது!"

குனிந்து பார்த்தார். உப்பி நின்ற வேட்டியை ஒரு தட்டுத் தட்டினார். பொளக்கென்று பெரிய குமிழ் ஒன்று வந்து வெடித்தது. அதற்கப்புறம் தண்ணீர் அசையவே இல்லை. பலகையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

தாரணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அப்படியே கிணற்றுக்குள் குதித்தாள். அந்த மனுசனும் சிரித்தார். நான் படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். எவ்வளவு நேரமாக மூச்சைப் பிடித்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கிளம்பும் நேரத்தில் தாரணி அவளுடைய துணி வார்களால் பலகையைக் கட்டினாள். பிறகு லாரிக்குப் போய், அவர் சுருட்டி ஒளித்து வைத்திருந்த கயிற்றை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"கட்டிக் குடுங்கப்பா."

"வேண்டாஞ் சாமி. உன் வாரே போதும்." கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"பைப்புக் கட்டு வேண்டாங்கப்பா. முட்டைக் கட்டு கட்டுங்க."

சாக்கு எடுத்து வரச் சொன்னார். மூலைக்கு மூலை மடித்து வைத்தார். லீவர் லாரியிலேயே கிடந்தது. கையால் இழுத்தார், கயிற்றுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார், இன்னொரு மூலைக்குப் போனார். கடைசியில் அவள் விரலையும் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினார்.

ஒற்றை வரி

போட்டி முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையே நினைத்துக்கொண்டு படிப்பீர்கள். நான்காவதாக வந்தாள். பதக்கத்துக்கு ஒரு படி கீழே. ஒட்டுப் போட்ட இடம் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய பதக்கம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின கதை. அவள் கிளம்பிப் போன நாள். அன்று முழுக்க வீட்டுக்காரர் போனைச் சட்டைப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். இப்போது மலை இறங்கியிருப்பாள், இப்போது பாலத்தைத் தாண்டியிருப்பாள் என்று வாய்க்குள்ளேயே வண்டி ஓட்டினார். மத்தியானச் சோறு தட்டிலேயே காய்ந்தது. அந்தக் காலத்தில் மளிகைக் கடை வாசலில் நான் காத்துக்கொண்டு நின்றது மாதிரி, இவர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. பட்டுப் பார்க்கட்டும் என்றும் கொஞ்சம் இருந்தது.

சாயங்காலம் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டேன். பின்னால் அலைச் சத்தம்.

"அப்பா" என்றாள் தாரணி. "ஒடையாமச் சேர்ந்துருச்சுங்கப்பா."

அவர் போனையே பார்த்தார். என்னைப் பார்த்தார். முட்டை லோடு நாட்களில் நான் சொல்லிவந்த பதிலை, இந்தத் தடவை அவர் சொன்னார்.

"செரி சாமி. நேரத்துக்குச் சாப்புடு."

போனை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தட்டுத் தடுமாறி ஒரு சிரிப்பு வந்தது.

"சரசு, பசிக்குது புள்ள" என்றார்.